இறங்க இறங்க ஏறிய சார்ஜ்

எங்கள் தெருவில் சாம்பல் நிறப் பூனை ஒன்று இருக்கிறது. மார்கழிக் குளிரில் அது படுக்கும் இடம் எங்கள் பழைய பெட்ரோல் காரின் பானெட். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து வண்டியை நிறுத்திய ஐந்தாவது நிமிடம், எங்கிருந்தோ வந்து ஏறிச் சுருண்டுகொள்ளும். தை பிறந்ததும் அந்தக் காரைக் கொடுத்துவிட்டு, சின்னதாக ஒரு மின்சாரக் கார் வாங்கினோம். முதல் நாள் சாயங்காலம் பூனை வழக்கம்போல ஏறியது. முன்னங்காலை வைத்துப் பார்த்தது. முகர்ந்தது. இறங்கி, எதிர்வீட்டுக் காரின் மேல் போய்ப் படுத்துக்கொண்டது.

"புதுக் கார் அதுக்குப் பிடிக்கலையா அத்தை?" என்று கேட்டான் என் அண்ணன் மகன். ஆறாம் வகுப்புப் படிக்கிறான். எதையும் நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளும் பையன்.

கார் பிடிக்காமல் இல்லை, கண்ணா. சூடு இல்லை.

பெட்ரோல் காரின் இன்ஜினுக்குள் என்ன நடக்கிறது? பெட்ரோல் எரிகிறது. எரிவதில் கிடைக்கும் ஆற்றல் நூறு பங்கு என்றால், சக்கரத்தைச் சுழற்றப் போவது இருபதிலிருந்து முப்பது பங்குதான். மிச்சமெல்லாம் சூடு. ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெளியே போகும். போகாமல் இன்ஜினில் தங்கிய சூட்டில்தான் நம் பூனை இத்தனை வருஷமாகக் குளிர்காய்ந்தது. மின் மோட்டார் அப்படி இல்லை. நூறு பங்கு மின்சாரம் கொடுத்தால் கிட்டத்தட்ட தொண்ணூறு பங்கைச் சுழற்சியாகத் திருப்பித் தருகிறது. ஊருக்குள் எவ்வளவு ஓட்டினாலும் பானெட் தொட்டால் சில்லென்றே இருக்கிறது.

இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். உங்கள் வீட்டு கரண்ட் பில்லில் 'யூனிட்' என்று போட்டிருக்கிறதல்லவா? ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி ஒரு மணி நேரம் விடாமல் சூடானால் செலவாகும் மின்சாரம் ஒரு யூனிட். எங்கள் காரின் பேட்டரி 24 யூனிட் பிடிக்கும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள் சுமார் 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. அப்படியானால் எங்கள் முழு பேட்டரியும் மூன்று லிட்டர் பெட்ரோலுக்குக்கூடச் சமமில்லை! அதை வைத்துக்கொண்டு சேலத்துக்குள் சுமார் 200 கிலோமீட்டர் ஓடுகிறது. பழைய காருக்கு அதே தூரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் ஊற்றியிருப்போம். சூடாக வீணாகாத ஆற்றல்தான் இந்த வித்தியாசம்.

முதல் முறை சார்ஜ் போட்ட இரவு வீடே வாசலில் நின்றது. எலெக்ட்ரீஷியன் வந்து, மீட்டரிலிருந்து தனி ஒயர் இழுத்து, 15 ஆம்பியர் பிளக் வைத்து, எர்த் சரியாக இருக்கிறதா என்று சோதித்த பிறகுதான் போட்டோம். 230 வோல்ட், 15 ஆம்பியர்: இரண்டையும் பெருக்கினால் 3,450 வாட். அதாவது மூன்று இஸ்திரிப் பெட்டிக்கு மேல். காலியான பேட்டரி நிரம்ப எட்டு மணி நேரமாவது ஆகும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் தயார்.

"நம்ம வீட்டு ஃப்ரிட்ஜுக்கு ஒரு நாளைக்கு எத்தனை யூனிட்டு?" என்று கேட்டார் என் அம்மா.

"ஒண்ணு இருக்கும்மா."

"அப்ப ஒரு மாசத்து ஃப்ரிட்ஜை ஒரே ராத்திரியில குடிச்சிருது உன் காரு!"

அம்மா சொன்னது கிட்டத்தட்டச் சரியான கணக்கு. ஒரு காரை நகர்த்துவது எவ்வளவு பெரிய வேலை என்பது அன்றைக்குத்தான் எனக்கே உறைத்தது. பெட்ரோல் பங்கில் குழாயைச் செருகி இரண்டே நிமிடத்தில் நிரப்பிக்கொண்டு போனபோது அது தெரியவில்லை.

ஓட்டிப் பார்த்தால் இன்னொரு ஆச்சரியம். கிளட்ச் இல்லை, கியர் மாற்றும் வேலை இல்லை. பெட்ரோல் இன்ஜின் நிற்கும்போது அதற்கு இழுக்கும் பலமே கிடையாது. ஓடி வந்தால்தான் தாண்ட முடிகிற ஆளைப்போல, அது முதலில் சுழன்றுகொண்டிருக்க வேண்டும். அதனால்தான் சிக்னலில் நிற்கும்போதும் உறுமிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சுழற்சியைச் சக்கரத்தோடு பக்குவமாகச் சேர்க்கத்தான் கிளட்ச்சும் கியரும். மின் மோட்டாரோ நின்ற இடத்திலிருந்தே தாண்டுகிற ஆள். கம்பிச்சுருளில் மின்சாரம் பாய்ந்த கணத்திலேயே அது காந்தமாகிவிடும், காந்தம் காந்தத்தை இழுக்கும். மிதித்ததும் கார் எழுந்து ஓடுவது இதனால்தான்.

சத்தமும் இல்லை. டயர் தார்ச்சாலையில் உரசும் ஓசை மட்டும். எனக்கு அது சுகமாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டாம் நாளே ஒரு பயம் வந்தது. எங்கள் தெருமுனையில் ஒரு சிறுமி, வண்டி வருவதே தெரியாமல் பந்தை எடுக்கக் குறுக்கே வந்துவிட்டாள். மெதுவாகத்தான் போனேன், நிறுத்திவிட்டேன். ஐரோப்பிய நாடுகளில் 2019 ஜூலையிலிருந்து, புதிதாக வரும் மின்சாரக் கார் வகைகள் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் வரை ஏதாவது ஓர் ஒலியை எழுப்பியாக வேண்டும் என்று சட்டமே வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளே, இனிமேல் காதை மட்டும் நம்பி ரோட்டைக் கடக்காதீர்கள். இரண்டு பக்கமும் பாருங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். மின்சாரக் காரின் பானெட்டுக்கு அடியில் ஆரஞ்சு நிறத் தடித்த ஒயர்கள் தெரியும். அதிக வோல்ட் மின்சாரம் ஓடும் ஒயருக்கு அந்த நிறம். அதில் யாரும் கை வைக்கக் கூடாது.

இப்போது ஏற்காட்டுக்குப் போவோம். உங்களிடம் சொல்ல வந்ததே அந்தக் கதைதான்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான், அம்மா, அண்ணி, பையன் நாலு பேர். அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரம் வந்தபோது திரையில் பேட்டரி 87 சதவீதம் காட்டியது. பையன் முன்சீட்டில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தான். அங்கிருந்து மேலே இருபது கிலோமீட்டர் சொச்சம், இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஏ.சி. போடவில்லை, கண்ணாடிகளை இறக்கிவிட்டோம். இன்ஜின் இரைச்சல் இல்லாததால் பறவைச் சத்தம் நன்றாகக் கேட்டது. ஆனால் எண் மட்டும் சரசரவென்று இறங்கியது. 80... 74... 67... ஏரிக்கரையில் நிறுத்தியபோது 60.

இருபத்தேழு சதவீதம் போய்விட்டது. ஆறரை யூனிட். சமதளத்தில் ஐம்பது கிலோமீட்டர் ஓட வேண்டிய மின்சாரம், இருபது கிலோமீட்டரில் தீர்ந்துவிட்டது. பையனுக்கு முகம் வாடிவிட்டது. "திரும்பிப் போகப் பத்துமா அத்தை?"

"இறங்கும்போது பார்" என்றேன்.

மதியம் சாப்பிட்டு, மிளகுக்கொடி சுற்றிய சில்வர் ஓக் மரங்களைப் பார்த்துவிட்டு, நாலு மணிக்கு இறங்கத் தொடங்கினோம். மலைப்பாதை டிரைவர்கள் ஒரு விதி சொல்வார்கள்: எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. வெறும் பிரேக்கை நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். அடிவாரத்தில் கருகல் வாடை அடிக்கிறதே, அது பிரேக் கட்டை தீய்ந்த வாடை. எங்கள் காரில் மாற்ற கியர் இல்லை. ஆனால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே போதும், வண்டி தானாக வேகம் குறைகிறது.

"யாரோ பின்னால இருந்து பிடிச்சு இழுக்கற மாதிரி இருக்கே, சாமி?" என்றார் அம்மா.

அதே நேரம் பையன் கத்தினான். "அத்தை! 61 ஆயிடுச்சு!"

கொஞ்ச தூரத்தில் 62. பிறகு 63. இறங்க இறங்க எண் ஏறிக்கொண்டே வந்தது. அடிவாரத்தில் 68.

எண் ஏறியதும் அம்மாவை யாரோ பின்னால் இழுத்ததும் ஒன்றுதான். அதை விளக்க நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது, அம்மாவே சொன்னார்: "உங்க தாத்தா சைக்கிள்ல டைனமோ இருந்துச்சு. அதைச் சாய்ச்சு டயர்ல பட வெச்சா லைட்டு எரியும். ஆனா மிதிக்கறதுக்கு இருமடங்கு கஷ்டம்னு சொல்வாரு."

இதைவிட நன்றாக எந்தப் பாடப் புத்தகமும் சொல்லவில்லை. விளக்கு எரிய வேண்டுமானால் யாராவது மிதிக்க வேண்டும். தாத்தாவின் கால் கொடுத்த ஆற்றல்தான் வெளிச்சமானது. டைனமோ சும்மா தரவில்லை, சக்கரத்தைப் பிடித்து இழுத்து அதற்குரிய விலையை வாங்கிக்கொண்டது. எங்கள் கார் இறங்கும்போது மிதித்தது யார்? மலைச்சரிவு. டைனமோ எது? காரின் மோட்டாரேதான்!

மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்தால் சுழலும். மின்சாரம் கொடுக்காமல் நீங்கள் அதைச் சுழற்றினால் மின்சாரம் தரும். ஒரே எந்திரத்துக்கு இரண்டு வேலை. இது உலகத்துக்குத் தெளிவாகக் காட்டப்பட்டது 1873-இல், வியன்னா நகரில் நடந்த பெரிய கண்காட்சியில். பெல்ஜியத்தில் பிறந்த ஸெனோப் கிராம் என்பவர் செய்த டைனமோக்கள் அங்கே வைக்கப்பட்டிருந்தன. ஓடிக்கொண்டிருந்த ஒரு டைனமோவின் ஒயரை, சும்மா நின்ற இன்னொரு டைனமோவில் இணைத்தார்கள். நின்ற எந்திரம் தானாகச் சுழல ஆரம்பித்தது. ஊழியர் ஒருவர் தவறுதலாக இணைத்ததால் தெரிந்தது என்று ஒரு கதை உண்டு. வேண்டுமென்றேதான் செய்தார்கள் என்பவர்களும் உண்டு. எப்படியானாலும், மின்சாரம் தருவதற்கென்று செய்த எந்திரம் அன்றைக்கு மோட்டாராக ஓடியது. எங்கள் காரில் நடப்பது அதன் மறுபக்கம்.

நீங்களே இதைக் கையால் உணர்ந்து பார்க்கலாம். எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் கடையில் பி.ஓ. மோட்டார் என்று கேளுங்கள். மஞ்சள் பெட்டிக்குள் கியர் வைத்த சின்ன மோட்டார், கூடவே ஒரு பிளாஸ்டிக் சக்கரமும் கிடைக்கும். பள்ளியில் ரோபோ செய்கிறவர்களிடமும் இருக்கும். மோட்டாரிலிருந்து இரண்டு ஒயர் வெளியே வரட்டும். பேட்டரி வேண்டாம், வீட்டு பிளக் பக்கம் போகவே வேண்டாம். முதலில் ஒயர்கள் ஒன்றையொன்று தொடாமல் சக்கரத்தை விரலால் சுழற்றுங்கள். பிளாஸ்டிக் கியர் உடையாதபடி மெதுவாக ஆரம்பித்துக் கொஞ்சம் வேகமாக. இப்போது இரண்டு ஒயரின் முனைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அதே போலச் சுழற்றுங்கள். சக்கரம் கனக்கும்! யாரோ உள்ளிருந்து பிடிப்பதுபோல இருக்கும். அடுத்து ஒயர்களுக்கு நடுவே ஒரு சிவப்பு எல்.இ.டி.யை வைத்துச் சுழற்றுங்கள். ஒரு பக்கம் சுழற்றினால் எரியும், மறுபக்கம் சுழற்றினால் எரியாது.

ஏன் கனக்கிறது? ஒயர்கள் பிரிந்திருக்கும்போது மின்சாரம் ஓட வழியில்லை. சேர்த்ததும் ஓடுகிறது. ஓடும் மின்சாரம் தானும் ஒரு காந்தமாகி, தன்னை உண்டாக்கிய சுழற்சியையே எதிர்க்கிறது. இந்த விதியை 1834-இல் சொன்னவர் லென்ஸ் என்ற அறிவியலாளர். அம்மாவைப் பின்னால் இழுத்த கை லென்ஸ் சொன்ன அந்தக் கைதான்.

அன்று ராத்திரி பையன் நோட்டைத் திறந்துகொண்டு உட்கார்ந்தான். "மலை நமக்கு எவ்வளவு கொடுக்கணும்?"

ஒரு கிலோ எடையை ஒரு மீட்டர் உயர்த்த ஏறத்தாழ 10 ஜூல் ஆற்றல் வேண்டும். காரும் நாங்கள் நாலு பேரும் சேர்ந்து 1,400 கிலோ. அடிவாரத்திலிருந்து ஏரி வரை உயரம் சுமார் 1,000 மீட்டர். மூன்றையும் பெருக்கினான். 1,40,00,000 ஜூல். ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். வகுத்தால் நாலு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு.

ஏற ஆன செலவு ஆறரை. அதில் ஏறக்குறைய நாலு, உயரமாக எங்களோடு மலை மேல் இருந்தது. மற்றது டயர் உராய்விலும் காற்றைத் தள்ளுவதிலும் மோட்டாரின் சூட்டிலும் போனது. இறங்கும்போது திரும்பக் கிடைத்தது 8 சதவீதம், அதாவது இரண்டு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. இறங்கும்போதும் டயர் உராய்ந்தது. வளைவுகளில் நான் பிரேக்கையும் மிதித்தேன். ஆக, ஏறக்குறைய பாதிதான் திரும்ப வந்தது. ஆனால் பெட்ரோல் காரில் இறங்கியிருந்தால் இதில் ஒரு துளிகூடத் திரும்பியிருக்காது. எல்லாம் சூடாகவே வீணாகியிருக்கும். இருபது வருஷமாக அந்த மலையில் ஏறி இறங்குகிறேன். உயரம் என்பது ஒரு சேமிப்பு என்று வகுப்பில் எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அதைக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

உயரத்தை மின்சாரமாக்குவது நம் பக்கத்து ஊரிலும் நடக்கிறது. மேட்டூர் அணையில் உயரத்தில் தேங்கிய தண்ணீர் கீழே பாய்ந்து டர்பைனைச் சுழற்றுகிறது. எங்கள் கார் செய்ததும் அதேதான். அதே மேட்டூரில் நிலக்கரி எரிக்கும் அனல் மின்நிலையமும் இருக்கிறது. எங்கள் வாசல் பிளக்குக்கு வரும் மின்சாரத்தில் அந்த நிலக்கரியும் கலந்துதான் இருக்கிறது. காருக்குப் புகைக்குழாய் இல்லை என்பதால் புகையே இல்லை என்று சொல்ல மாட்டேன். முப்பந்தல் காற்றாலைகளும் கமுதி சோலார் தகடுகளும் நிலக்கரியின் இடத்தைப் பிடிக்கப் பிடிக்க, அதே கார் இன்னும் சுத்தமாகும்.

பையன் விடவில்லை. "அத்தை, ஏற்காட்டுலயே சார்ஜர்ல போட்டு 100 ஆக்கிட்டு இறங்கினா, இன்னும் நிறைய வருமா?"

நல்ல கேள்வி. வராது. நிறைகுடத்தில் இன்னும் தண்ணீர் ஊற்ற முடியுமா? பேட்டரிக்குள் லித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போய்வருகின்றன. சார்ஜ் ஏறும்போது அவை கிராஃபைட் அடுக்குகளுக்கு நடுவே போய் உட்காருகின்றன. பென்சிலில் இருக்கிறதே, அதே கிராஃபைட். காலி பஸ்ஸில் ஏறினால் உடனே இடம் கிடைக்கும். முக்கால்வாசி நிரம்பியதும் இடம் தேடி நகர வேண்டும். வேக சார்ஜரில் 80 சதவீதத்துக்கு மேல் எண் ஆமைபோல நகர்வது அதனால்தான். 100 ஆகிவிட்டால் மலை தரும் மின்சாரத்தை வைக்க இடமே இல்லை. கார் பின்னால் இழுப்பதை நிறுத்திவிடும், முழு பாரமும் சாதாரண பிரேக்கில் விழும். மலை மேல் வீடு உள்ளவர்கள் பேட்டரியை நிரப்பாமல் இறங்குவதே நல்லது. இந்த லித்தியம் பேட்டரிக்காக 2019-இல் மூன்று பேருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்களில் ஜான் குட்இனஃப் என்பவருக்கு அப்போது வயது 97!

"சரி, ஏறுனதுக்கு ஆன செலவைவிட, இறங்கும்போது அதிகமா வர்ற மாதிரி ஒரு வண்டியாவது இருக்குமா?"

"இருக்காது" என்று சொல்ல வாயெடுத்தேன். ஏறியபோது போட்டதைவிட அதிகமாக மலையிடம் கேட்க முடியாது என்பதுதானே விதி? ஆனால் அப்படி ஒரு வண்டி உண்மையிலேயே ஓடுகிறது. ஸ்விட்சர்லாந்தில் பீல் நகருக்குப் பக்கத்தில், சிமென்ட்டுக்குக் கல் வெட்டும் குவாரி ஒன்று மலை மேல் இருக்கிறது. அங்கே 600 யூனிட் பேட்டரி வைத்த ராட்சத மின் லாரி ஓடுகிறது. காலியாக மேலே ஏறும். அங்கே சுமார் 65 டன் சுண்ணாம்புக்கல்லை ஏற்றிக்கொண்டு இறங்கும். ஏறும்போது எடை குறைவு, இறங்கும்போது எடை அதிகம். அதனால் ஏறச் செலவழித்த மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் இறங்கும்போதே திரும்பிவிடுகிறது, சில சமயம் மிச்சமும் ஆகிறது. 

பையன் நோட்டில் இதை எழுதிக்கொண்டான். பிறகு வெகுநேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தான். "அப்படின்னா அந்த மின்சாரம் கல்லுல இருந்து வருது. கல்லு உயரத்துல இருந்ததால வருது. அந்தக் கல்லை அவ்வளவு உயரத்துல தூக்கி வெச்சது யாரு அத்தை?"

பதிலை நான் அவனுக்குச் சொல்லவில்லை. உங்களுக்கும் சொல்லப் போவதில்லை. ஒரு துப்பு மட்டும் தருகிறேன்: சுண்ணாம்புக்கல் பெரும்பாலும் கடலுக்கு அடியில் உருவாகிறது. யோசித்துப் பாருங்கள். உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் கேளுங்கள். கண்டுபிடித்ததைப் படத்தோடு எனக்கு எழுதி அனுப்புங்கள்.